அப்பா போனின் ஸ்க்ரீன்

போன மாதம் ஒரு புதன்கிழமை. போன் பழுது பார்க்கும் என் கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தேன். அதற்குள் ஒரு அம்மாவும் பையனும் வந்து நின்றார்கள். பையனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் மோட்டார் சறுக்கி விழுந்திருக்கிறான். முழங்கையில் பிளாஸ்திரி. ஐபோனின் கண்ணாடி நொறுங்கி, பாதித் திரை கறுத்துக் கிடந்தது.

அம்மா கைப்பையிலிருந்து ஒரு சின்னத் துணிப்பையை எடுத்தார். அதற்குள் இன்னொரு போன். அதே மாடல், அதே நிறம்.

"இது இவங்கப்பாவோடதும்மா. அவர் போயி ஒன்றரை வருஷமாச்சு. தண்ணியில விழுந்து போர்டு செத்துப் போச்சுன்னு அப்பவே சொல்லிட்டாங்க. ஸ்க்ரீன் நல்லாத்தானே இருக்கு? இத எடுத்து இவனுக்குப் போட முடியுமா?"

"முடியும்க்கா" என்றேன். பதினைந்து வருடமாக இதுதான் என் தொழில். ஒரே மாடலில் ஒன்று செத்து ஒன்று உயிரோடு இருந்தால் வேலை சுலபம், புது ஸ்க்ரீன் வாங்கும் காசும் மிச்சம். கூலி மட்டும் எண்பது வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லி, இருவரையும் பக்கத்துக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு வரச் சொன்னேன்.

முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. படம் பளிச்சென்று வந்தது. டச் சரியாக வேலை செய்தது. அதன் பிறகுதான் அந்த அறிவிப்பு வந்தது. இந்த ஸ்க்ரீன் வேறொரு போனோடு சேர்த்துப் பூட்டப்பட்டது, அந்தப் போனின் சொந்தக்காரர் தன் கணக்கின் பாஸ்வேர்டைத் தந்தால்தான் மீதி வேலையை முடிக்க முடியும் என்று.

பையனிடம் கேட்டேன். தெரியாது என்றான். அவன் அம்மா போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பூட்டுன்னா என்னம்மா? இது திருட்டுச் சாமான்னு சொல்லுதா?"

இல்லைக்கா, அப்படி இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். ஆனால் அது கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறது. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

என் தாத்தா செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். ஒரு பெட்டி இனி ஓடாது என்று முடிவானால், அதிலிருந்து கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, ஓடுகிற பெட்டிக்கு எடுத்து வைப்பார்கள் என்று சொல்லுவார். அப்பா அதே செந்தூலில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். செத்த டிவி ஒன்றைக்கூட அவர் வெளியே போட்டதில்லை. அதன் ஸ்பீக்கர், டிரான்ஸ்பார்மர், சேனல் மாற்றும் குமிழ் எல்லாம் பிஸ்கட் தகர டின்களில் பெயர் எழுதி அடுக்கப்பட்டிருக்கும். பள்ளி விட்டு வந்து அந்த டின்களைத் துழாவித்தான் நான் தொழில் கற்றேன். நம் போன்ற சின்னக் கடைகள் பிழைப்பதே இப்படித்தான். செத்ததிலிருந்து எடுத்து, உயிரோடு இருப்பதற்குக் கொடுப்போம்.

இதனால் பூட்டே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2016-ல் என் தங்கையின் போனை சௌகிட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மோட்டாரில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போனார்கள். இழுத்த இழுப்பில் விழுந்து தாடை கிழிந்து நாலு தையல். வழிப்பறி என்பது கோலாலம்பூரில் இருக்கிற எந்தப் பெண்ணுக்கும் செய்தித்தாளில் படிக்கிற விஷயம் மட்டும் அல்ல. நான் இன்றைக்கும் சாலையோரம் நடந்தால் கைப்பையைச் சுவர்ப் பக்கம்தான் மாட்டுவேன். அந்தப் போன் பூட்டியிருந்ததால் பறித்தவர்களால் அதைத் திறக்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவள் எண்ணுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது, உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த இணைப்பில் போய் பாஸ்வேர்டைப் போடுங்கள் என்று. அவள் என்னைக் கேட்டதால் தப்பித்தாள். பூட்டைத் திறக்க அவ்வளவு பாடுபடுகிறார்கள் என்றால், அந்தப் பூட்டு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்.

முழுப் போனுக்கான அந்தப் பூட்டு ஐபோனில் 2013 செப்டம்பரில் அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 7-உடன் வந்தது. ஆண்ட்ராய்டில் 2015-ல் வந்தது. அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினாலும் பழைய கணக்கைக் கேட்கும். ஐஓஎஸ் 7-க்கு முந்திய ஆறு மாதத்தையும் பிந்திய ஆறு மாதத்தையும் ஒப்பிட்டபோது, ஐபோன் வழிப்பறி சான் பிரான்சிஸ்கோவில் 38 விழுக்காடும், ஐபோன் திருட்டு லண்டனில் 24 விழுக்காடும் குறைந்திருந்தன. கலிபோர்னியாவில் இப்படிப்பட்ட பூட்டு எல்லாப் புது ஸ்மார்ட்போனிலும் இருக்க வேண்டும் என்று 2014-ல் சட்டமே போட்டார்கள். நல்ல காரியம்.

திருடன் அதற்கப்புறம் என்ன செய்தான்? திறக்க முடியாத போனைப் பிரித்து விற்றான். ஸ்க்ரீன் ஒருவனுக்கு, கேமரா ஒருவனுக்கு, பேட்டரி ஒருவனுக்கு. இதைத் தடுக்கத்தான் பூட்டைப் பாகங்களுக்கும் நீட்டினார்கள். ஆப்பிள் இதை 2024 ஏப்ரலில் அறிவித்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 18-ல் கொண்டுவந்தது. வேறொரு போனிலிருந்து வந்த ஸ்க்ரீனோ பேட்டரியோ கேமராவோ மாட்டினால், அந்தப் பழைய போன் யாருடைய கணக்கிலாவது இன்னும் பூட்டப்பட்டிருக்கிறதா, தொலைந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று போன் பார்க்கும். அப்படி இருந்தால் அந்தப் பாகத்தின் அளவீட்டை, அதாவது பாகத்தைப் போனோடு பொருத்திச் சரிசெய்யும் கடைசி வேலையை, முடிக்க விடாது. அளவீடு இல்லாத ஸ்க்ரீனில் நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறாது, பேட்டரியில் எவ்வளவு ஆயுள் மிச்சம் என்று தெரியாது. போன் செத்துப் போகாது, ஆனால் முழுதாகவும் இருக்காது.

ஒரு நியாயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இதே மாற்றத்தோடு இன்னொன்றும் வந்தது. பூட்டு இல்லாத பழைய ஒரிஜினல் பாகமாக இருந்தால், போனிலேயே நாம் அளவீட்டை முடித்துக்கொள்ளலாம், அது பயன்படுத்திய ஒரிஜினல் பாகம் என்று காட்டும். அதற்கு முன்பு பழைய ஒரிஜினலை மாட்டினாலும் அடையாளம் தெரியாத பாகம் என்றுதான் எச்சரிக்கை வரும். என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் பாகங்களைப் போனோடு சேர்த்துக் கட்டுவது திருட்டைத் தடுக்க என்றுதான் தொடங்கியது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது எவ்வளவோ முன்பே இருந்தது. ஸ்க்ரீனில், பேட்டரியில், கேமராவில் அரிசி மணியைவிடச் சின்ன சிப் ஒன்றில் ஒரு எண் இருக்கும். போனின் மூளையான போர்டு அந்த எண்ணைப் படித்து, தன்னோடு தொழிற்சாலையில் பிறந்ததுதானா என்று பார்க்கும். 2016-ல் எரர் 53 என்று ஒரு பெரிய பிரச்சினை வந்ததை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெளிக்கடையில் ஹோம் பட்டனை மாற்றிய போன்கள் அப்டேட் போட்டதும் அப்படியே கல்லாகிப் போயின. பிறகு ஆப்பிள் அதைச் சரிசெய்ய அப்டேட் விட்டது. ஆஸ்திரேலியாவில் வெளிக்கடையில் பழுது பார்த்ததால் இலவசமாகச் சரிசெய்து தர மாட்டோம் என்று வாடிக்கையாளர்களிடம் சொன்னதற்காக, 2018-ல் நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

2021-ல் ஐபோன் 13 வந்தபோது ஸ்க்ரீனை மாற்றினால் முகம் பார்த்துத் திறப்பது நின்றுவிடும். பழைய ஸ்க்ரீனிலிருந்த சிப்பைப் பெயர்த்துப் புதியதில் ஒட்டினால்தான் வரும். அந்த மாதங்களில்தான் நான் மைக்ராஸ்கோப் வாங்கினேன். 1,400 வெள்ளி, மூன்று தவணை. ராத்திரி மகள் தூங்கிய பிறகு, செத்த ஸ்க்ரீன்களை வைத்துக்கொண்டு அந்தச் சிப்பைக் கழற்றி ஒட்டிப் பழகினேன். எத்தனையோ சிப் ஹீட் கன் காற்றில் பறந்து தரையில் விழுந்து காணாமல் போனது. கை நடுங்காமல் வேலை வர இரண்டு மாதம் ஆனது. உலகம் முழுவதும் எதிர்ப்பு வந்ததால், ஐஓஎஸ் 15.2-ல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. எந்தப் பூட்டு அவசியம், எந்தப் பூட்டு நிறுவனத்தின் வெறும் முடிவு என்பது எதிர்த்துக் கேட்டால்தான் தெரியவரும்.

விரல் ரேகை, முகம், இதையெல்லாம் படிக்கிற பாகத்தில் கடுமையான பூட்டு இருக்கட்டும். போர்டில் இருக்கட்டும். அதில் எனக்கு வழக்கே இல்லை. பேட்டரிக்கு எதற்கு என்று கேட்டால், திருட்டு என்பார்கள். சரி, திருட்டுப் பேட்டரியைத் தடுங்கள். திருடாதவருக்கு வெளியே வர ஒரு வாசல் எங்கே?

என் கடைக்கு வருகிற பழைய பாகங்களில் பெரும்பாலானவை திருட்டுச் சாமான் அல்ல என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் விற்கிறவர்களை எனக்குத் தெரியும். மாடியிலிருந்து விழுந்தது, தண்ணீரில் விழுந்தது, மகன் புதிது வாங்கித் தந்ததால் அலமாரியில் கிடந்தது. இவர்கள் போன் செத்துப் போன அன்று கணக்கிலிருந்து அதை நீக்க வேண்டும் என்று யாரும் இவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. செத்த போனில் எதை நீக்குவது என்றுதான் நினைப்பார்கள். அதனால் உடம்பு போன பிறகும் பூட்டு அப்படியே நிற்கிறது.

சென்ற ஆண்டு ஒரு சந்தையில் பத்துக் கேமரா மொத்தமாக வாங்கினேன். தனித்தனியாக, பிளாஸ்டிக் உறையில், பார்க்கச் சுத்தமாக இருந்தன. மூன்று பூட்டியவை. விற்றவர், வாங்கும்போதே பார்த்திருக்க வேண்டும் என்று கையை விரித்துவிட்டார். எப்படிப் பார்ப்பது? முழுப் போனாக இருந்தால் திறந்து பார்க்கலாம். கழற்றிய கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு பூட்டியதா இல்லையா என்று சொல்ல என்னிடம் வழி இல்லை, மாட்டிப் பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு காலத்தில் சீரியல் எண்ணைப் போட்டு ஒரு ஐபோன் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஆப்பிளே ஒரு பக்கம் வைத்திருந்தது. 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார்கள். வாங்குகிறவன் பார்த்து வாங்க வேண்டும் என்றால் பார்ப்பதற்கு ஒரு கண் வேண்டாமா?

அந்த மூன்று கேமராவையும் நான் யாருக்கும் மாட்டவில்லை. திருட்டாக இருந்தால், எங்கேயோ ஒரு பெண் தாடையில் தையலோடு வீட்டில் உட்கார்ந்திருப்பாள். திருட்டாக இல்லாவிட்டால் நல்ல கேமரா மூன்று வீண். எது என்று எனக்குத் தெரியாது, அதுதான் வேதனை. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், என்றைக்காவது மின்கழிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடினேன். நம் மலேசியாவில் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு, ஒரு பொருளை விற்ற பிறகு நியாயமான காலத்துக்கு அதைப் பழுது பார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் கிடைக்கும்படி தயாரிப்பாளரும் விற்பவரும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. படித்தபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் கையில் பாகம் இருந்தும் அது வேலை செய்ய மறுக்கும் ஒரு காலம் வரும் என்று 1999-ல் யார் நினைத்திருப்பார்கள்? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம்தான் முதலில், 2024 மார்ச்சில், இப்படிப் பாகங்களைக் கட்டிவைத்துப் பழுதுபார்ப்பைத் தடுக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. 2025-லிருந்து தயாராகும் கருவிகளுக்கு அது பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுக்கு முக்கியமான உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். இங்கே நம் பயனீட்டாளர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. சர்க்கரை விலைக்கும் மருந்து விலைக்கும் குரல் கொடுத்தவர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

கேட்பது பெரிய காரியமும் இல்லை. பாகத்தைக் கழற்றும் முன்பே அது பூட்டியதா என்று கடைக்காரர் பார்க்க ஒரு வழி. சொந்தக்காரர் கவுண்டரில் நிற்கும்போதே, போன் செத்திருந்தாலும், இந்த ஸ்க்ரீனை விடுவிக்கிறேன் என்று அழுத்த ஒரு பொத்தான். இறந்தவருடைய பாகத்துக்கு, குடும்பம் அலைந்து திரியாமல் ஒரு பாதை.

கடைசியாகச் சொன்னதற்கு ஏற்கெனவே பாதி வழி இருக்கிறது என்பதை அந்த அம்மாவுக்காகத் தேடியபோதுதான் அறிந்தேன். 2021 டிசம்பரிலிருந்து ஐபோனில், தனக்குப் பிறகு தன் கணக்கைத் திறக்க ஒருவரை நியமித்து வைக்கலாம். அவரிடம் ஒரு சாவிக் குறியீடு இருக்கும். அதோடு இறப்புச் சான்றிதழையும் கொடுத்தால் கணக்கும் திறக்கும், பூட்டும் நீங்கும். அப்படி நியமிக்காதவர்களின் குடும்பம் ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவர்களுக்கு இன்னும் சுலபம். போன் செத்துவிட்டால் இன்னொரு கருவியிலோ கணினியிலோ உங்கள் கணக்கில் நுழைந்து, தொலைந்த போனைத் தேடும் 'ஃபைண்ட் மை' பக்கத்தின் கருவிகள் பட்டியலிலிருந்து அந்தப் போனை நீக்கிவிடுங்கள். போன் ஆன் ஆக வேண்டியதே இல்லை. அதை விற்கும் முன், கழற்றும் முன், கடையில் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஐந்து நிமிடம்தான். என் கடையில் இப்போது பழைய போன் யார் கொண்டுவந்தாலும் என் கணினியிலேயே அவரைச் செய்ய வைத்து, பட்டியலில் போன் மறைந்ததைப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்கிறேன். காசைக் கொடுத்து வாங்கினால் அவர் பெயர், தேதி, கையெழுத்து எல்லாம் நோட்டில் ஏறும்.

அன்று அந்தப் பையனிடம், டச் வேலை செய்கிறது, நிறம் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அறிவிப்பு அவ்வப்போது வரும், வேண்டுமானால் இப்படியே வைத்துக்கொள் என்றேன். அவன் சரி என்றான். அம்மாதான் விடவில்லை. "அவர் பேர்ல அப்படி ஒரு எழுத்து நிக்கக்கூடாதும்மா. நான் கேட்டுப் பாக்குறேன்."

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை கையில் ஒரு பழைய பட்டன் போன். கணவரின் சிம் அதில் இருந்தது. அவர் போன பிறகும் அந்த எண்ணை விட மனமில்லாமல், காலாவதி ஆகாமல் டாப்-அப் செய்துகொண்டே இருந்திருக்கிறார். பையன் அந்த எண்ணை வைத்துக் கணக்கை மீட்க விண்ணப்பித்திருக்கிறான். சில நாள் காத்திருக்கச் சொன்னது. காத்திருந்தார்கள். குறியீடு அந்தப் பட்டன் போனுக்கு வந்திருக்கிறது. இனி எங்கேயும் அலைய வேண்டியதில்லை, புதுப் பாஸ்வேர்டு கையில் இருக்கிறது.

பையனின் போனை என் மேசைமேல் வைத்து அந்த அறிவிப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள் என்று அம்மாவிடம் நகர்த்தினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, பையன் சொல்லச் சொல்ல அழுத்தினார். ஒரு சுற்று சுற்றியது. போன் தானாக அணைந்து மறுபடி வந்தது. பாகங்கள் பக்கத்தைத் திறந்து காட்டினேன்.

"என்ன போட்டிருக்கு?"

"ஒரிஜினல், ஏற்கெனவே பயன்படுத்தினதுன்னு போட்டிருக்குக்கா."

தலையை ஆட்டினார். அன்றைக்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. அவரோ வற்புறுத்தி ஐந்து வெள்ளியை ஊதுபத்திக்கு என்று சாமி படத்தின் கீழே வைத்துவிட்டுப் போனார். ஸ்க்ரீன் இல்லாத அப்பாவின் போனை நான் குமிழ் உறையில் சுற்றிக் கொடுத்தேன். அதே துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார்.